அந்த இரைச்சல் நம்ம டெக்கில் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பேரனும் சௌக்கியம்தானே? பேரனுக்குப் பல் முளைத்த போட்டோ வந்தது. உனக்கு விழுந்த அதே இடத்தில் அவனுக்கு முளைத்திருக்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிக்கு ஏறினால் ஒரு சத்தம், இறங்கினால் வேறு சத்தம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது மன்னிப்புக் கேட்கும் கடிதம். போனில் கேட்டால் நீ நடுவிலேயே "சரி விடுடா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எனக்கு முழுசாகக் கேட்டாக வேண்டும். அதனால் ஒரு ஃபுல்ஸ்கேப் நோட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

1987-ல் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்ம ரெக்கார்டிங் கடையில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? நமக்குள் சண்டைக்கா பஞ்சம் என்று கேட்பாய். நான் சொல்வது குடை வாத்தியார் சண்டை. கோடையிலும் கக்கத்தில் குடையோடு வருவாரே, காலேஜ் வாத்தியார், அவரேதான். அவர் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளைக் கொடுத்து, நோட்டுத் தாளில் வரிசை எழுதி, 60 நிமிடக் கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார். ஏ பக்கத்தில் மூன்றாவதாக ‘ஐயம் நாட் இன் லவ்’. டென் சிசி என்ற இங்கிலாந்துக் குழு பாடியது. மறுநாளே கேசட்டோடு வந்து நின்றார். "மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு தம்பி. இதுல மட்டும் பாட்டுக்குப் பின்னால என்னமோ இரையுது."

நீ பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கேசட் டெக்கில் டேப் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைத்தாய். மறுபடி ஏற்றினோம். மறுபடி வந்தார். மூன்றாவது தடவை நீ ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிவிட்டாய். அதற்கப்புறம் அன்று சாயங்காலம் வரை யார் பாடினாலும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போலக் கேட்டது. நான் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினேன். செகண்ட் ஹேண்ட் டெக் வாங்காதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன், உன் மச்சான் விற்றான் என்பதற்காக வாங்கினாய், இன்னும் என்னென்னவோ. "இரைச்சல் ஒரிஜினல் கேசட்லயே இருக்குடா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. ஒரே ஒரு பாட்டில் மட்டும் இரைகிறது என்றால் அது டெக்கின் கோளாறாக எப்படி இருக்க முடியும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாத்தியாருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம். மூன்று நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் எனக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கித் தந்தாள். போன சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தபோது இது வந்தது. முதல் சில நொடிகளிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதே இரைச்சல். கேசட் இல்லை, டெக் இல்லை, ஹெட் இல்லை. இருந்தும் அங்கேயே, பாட்டுக்கு அடியில், தூரத்தில் கோயில் கூட்டம் முணுமுணுப்பது போல இருக்கிறது. மறுநாள் முழுக்க அந்தப் பாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எழுதிய எரிக் ஸ்டீவர்ட் பேட்டிகளில் விவரமாகவே சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே வைத்த இரைச்சல், மாப்பிள்ளை! அதற்காக மூன்று வாரம் உழைத்திருக்கிறார்கள். நாம் அதைப் பஞ்சால் துடைக்கப் பார்த்திருக்கிறோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. அதை நடத்தியவர்களில் ஸ்டீவர்ட்டும் ஒருவர். பாடுவார், கிட்டாரும் வாசிப்பார், ஒலிகளைக் கலக்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ரெக்கார்டிங் என்ஜினியர் வேலையையும் அவரே பார்ப்பார். குழுவில் நான்கு பேர். கிரஹாம் கூல்ட்மன், கெவின் காட்லி, லால் கிரீம் மற்ற மூவர். கூல்ட்மன் டென் சிசிக்கு முன்னாலேயே மற்ற குழுக்களுக்கு ஹிட் எழுதிக் கொடுத்தவர். யார்ட்பேர்ட்ஸின் ‘ஃபார் யுவர் லவ்’, ஹாலீஸின் ‘பஸ் ஸ்டாப்’ இரண்டும் அவர் கைவண்ணம். நான்கு பேருக்கும் பாட வரும், எழுத வரும், அவர்கள் விளையாடும் இடமும் சொந்த ஸ்டுடியோ. மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுக்கிறவன் இந்த வேலையைக் கனவிலும் தொட்டிருக்க மாட்டான்.

பாட்டு பிறந்தது ஸ்டீவர்ட் வீட்டில். கல்யாணமாகிச் சில வருஷம் ஆன பிறகு அவர் மனைவி, "என்னை நேசிக்கிறேன்னு நீங்க ஏன் அடிக்கடி சொல்றதில்ல?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடுமே என்பது இவர் வாதம். அப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே அதைச் சொல்ல வழி உண்டா என்று யோசித்தபோது தலைப்பு கிடைத்திருக்கிறது: நான் காதலிக்கவில்லை. பாட்டு முழுக்க ஒருவன் மறுத்துக்கொண்டே இருக்கிறான். நான் கூப்பிட்டேன் என்பதற்காக ஊரெல்லாம் சொல்லிவிடாதே, உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கே இருக்கிற கறையை மறைக்கத்தான் என்கிறான். அந்தப் படமும் நிஜம். அவர் பெற்றோர் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல், அதை மறைக்க அவர் மாட்டியிருந்தது அந்தப் பெண்ணின் படம்.

கூல்ட்மனும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டை முடித்திருக்கிறார்கள். முதலில் அதைப் போட்டது எப்படித் தெரியுமா? பிரேசில்காரர்களின் போஸா நோவா தாளத்தில், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வைத்து, ஹோட்டல் மாடியில் வாசிக்கிற மாதிரி ஜிலுஜிலுவென்று. காட்லிக்கும் கிரீமுக்கும் துளியும் பிடிக்கவில்லை. காட்லி மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார். பாட்டைத் தூக்கிப் போட்டார்கள், டேப்பையும் அழித்துவிட்டார்கள். நாம் காசு கொடுக்காதவன் கேசட்டில் மேலேயே அடுத்தவன் பாட்டை ஏற்றினோமே, அதே மாதிரி.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் வாயில் அந்த மெட்டு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் இருந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததை ஸ்டீவர்ட் கேட்டிருக்கிறார். அழித்த பாட்டை ஒருத்தி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். மறுபடி நால்வரும் பேச உட்கார்ந்தார்கள். இந்த இடத்தில் காட்லி மேல் எனக்கு மரியாதை வந்தது. முதலில் காறித் துப்பிய ஆள் அவர்தான், வழியைக் காட்டியதும் அவரே. வாத்தியங்களை மறந்துவிடுவோம், குரல்களை வைத்தே முழுப் பாட்டையும் கட்டுவோம் என்றார். பெரிய கோரஸ் குழுவுக்கு எங்கே போவது? அதற்கு லால் கிரீம் வழி சொன்னார்: டேப் லூப்.

உனக்கு இந்த இடம் பிடிக்கும், மெதுவாகப் படி. ஸ்டீவர்ட் மிக்ஸரில் இருக்கிறார். மற்ற மூன்று பேரும் மைக் முன்னால் நின்று ஒரே சுரத்தை "ஆ..." என்று நீட்டிப் பிடிக்கிறார்கள். அதே சுரத்தை 16 தடவை பதிவு செய்கிறார்கள். மூன்று பேர், 16 தடவை, ஆக ஒரு சுரத்துக்கு 48 குரல். அப்புறம் அடுத்த சுரம். நம்ம கணக்கில் சொன்னால் கீழ் ஸ முதல் மேல் ஸ வரை, நடுவில் இருக்கிற எல்லாச் சுரஸ்தானங்களும் சேர்த்து 13. மொத்தம் 624 குரல். மூன்று வாரம் ஆயிற்றாம். மூன்று வளர்ந்த ஆண்கள் மூன்று வாரம் "ஆ, ஆ" என்று கத்திக்கொண்டு நின்றதை நினைத்துப் பார். நம்ம கடையாக இருந்தால் மாடி வீட்டுக்காரர் முதல் நாளே தண்ணீரைக் கொட்டியிருப்பார்.

ஒரு சுரத்தின் 48 குரலையும் ஒன்றாக்கி ஒரு துண்டு டேப்பில் எடுத்து, அதன் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்குகிறார்கள். இப்போது அந்தச் சுரம் மூச்சே விடாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒலிக்கும். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் ஹெட்டைத் தாண்டும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னத் தடுக்கல் கேட்கும். அறுந்த கேசட்டை பிளேடால் வெட்டி ஒட்டியவன் நீ, உனக்கு அந்த ‘டிக்’ தெரியும். அதற்காக வளையத்தைக் கிட்டத்தட்ட 12 அடி நீளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நீளம் கூடினால் ‘டிக்’ எப்போதாவதுதான் வரும், மற்றச் சுரங்களின் சத்தத்தில் அமுங்கிவிடும். சரி, 12 அடி டேப் எந்த மெஷினுக்குள் அடங்கும்? ஒரு மைக் ஸ்டாண்டை எட்டத்தில் நிறுத்தி, அதன் தலையில் உருளை ஒன்றை மாட்டி, டேப்பை மெஷினிலிருந்து அதுவரை இழுத்துத் துணி காயப்போடும் கொடி மாதிரி ஓடவிட்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த யோசனை நமக்கு வராமல் போயிற்றே என்று வயிற்றெரிச்சல்.

அவர்களிடம் இருந்தது 16 ட்ராக் மெஷின், அதாவது ஒரே டேப்பில் 16 ஒலிகளைத் தனித்தனி வரிசையில் பதியலாம். 13 ட்ராக் குரலுக்கே போயிற்று. மிச்சம் மூன்று. அதில் ஸ்டீவர்ட் வாசித்த ஃபெண்டர் ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ, கூல்ட்மனின் கிட்டார், அப்புறம் மோக் சிந்தசைசரில் காட்லி எடுத்த ஒரு மொத்தையான துடிப்பு. டிரம்ஸ் போலக் கேட்கும், ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். பாட்டின் எலும்புக்கூடு அவ்வளவுதான்.

இனிமேல்தான் வேடிக்கை. மிக்ஸரில் 13 ஃபேடர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள், ஒவ்வொன்றும் ஒரு சுரம். நான்கு பேரும் மிக்ஸரைச் சூழ்ந்து நின்று, ஆளுக்குச் சில ஃபேடரைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், மாற மாற ஏற்றி இறக்குகிறார்கள். இந்தக் கார்டில் இந்த மூன்று சுரம் மேலே வரணும், அடுத்ததில் அது இறங்கி இது ஏறணும். மிக்ஸரையே ஆர்மோனியம் மாதிரி வாசித்திருக்கிறார்கள், எட்டுக் கையால். பாட்டில் அந்தக் குரல்கள் அலையடித்து எழுந்து அமுங்குகிறதே, அது மொத்தமும் விரல்கள் ஏறி இறங்கியது. பாடினவர்கள் அப்போது பாடிக்கொண்டிருக்கவே இல்லை.

நம்ம இரைச்சலுக்கு வந்துவிட்டேன். 13 ஃபேடருக்கும் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டை ஒட்டு டேப்பை ஒட்டிவிட்டார்கள். எதற்கு? எந்த ஃபேடரையும் முழுசாகக் கீழே இறக்க முடியாதபடி. ஆக எந்தச் சுரமும் முழுசாக நிற்பதில்லை. ஒரு கார்டு மேலே கேட்கும்போதே மற்ற எல்லாச் சுரங்களும் அடியில் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லாச் சுரமும் ஒரே நேரத்தில், ஒட்டாமல், மெல்லிசாகக் கேட்டால் அது காதுக்குச் சங்கீதமாக வராது, இரைச்சலாகத்தான் வரும். குடை வாத்தியார் கேட்டது 624 குரலின் மிச்சம். நம்மிடம் வந்த அத்தனை பேரில் அதைக் கேட்ட காது அவருக்கு மட்டும்தான் இருந்தது. நாம் அவரை ‘நச்சு’ என்று பேர் வைத்துக் கூப்பிட்டோம்.

பாட்டின் பொருளுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மேலே ஒருவன் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், அடியில் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் அப்படி யோசித்து வைத்தார்களா, சத்தம் நன்றாக இருக்கிறது என்று வைத்தார்களா, நான் அதற்குள் போகவில்லை. கேட்கிறவன் எனக்கு அப்படிக் கேட்கிறது.

நடுவில் ஒரு பெண் ரகசியம் பேசுகிற மாதிரி, பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் உண்டல்லவா? அதை யாரோ பெரிய பாடகி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் என்னவோ குறைகிறது என்று இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அலுவலகப் பெண் மெதுவாகக் கதவைத் திறந்து, ரெக்கார்டிங் கெடாதபடி கிசுகிசுப்பாக, "எரிக், உங்களுக்குப் போன் வந்திருக்கு" என்றாராம். லால் கிரீம் துள்ளி எழுந்துவிட்டார், இந்தக் குரல்தான் வேண்டும் என்று. அந்தப் பெண் மாட்டவே மாட்டேன் என்றிருக்கிறார். கெஞ்சி மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தப் போனில் கூப்பிட்டவர் காத்திருந்து காத்திருந்து வைத்திருப்பார், பாவம். அதற்கப்புறம் ஒரு பொம்மை மியூசிக் பாக்ஸின் கிணுகிணுப்பு வரும், அதுவும் கடையில் விற்கிற விளையாட்டுச் சாமான்தான்.

வெளிவந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-ல் ‘தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்’ என்ற ஆல்பத்தில் வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டை ரேடியோவில் எவன் போடுவான் என்ற பயம். அதனால் ஆல்பத்திலிருந்து முதலில் வேறு பாட்டைத்தான் சிங்கிளாக, தனி ரெக்கார்டாக விட்டார்கள். இதை மே மாதம் விட்டபோது ஜூன் கடைசியில் இங்கிலாந்தில் முதலிடம், இரண்டு வாரம். அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடத்தில் நின்றது. அடுத்த வருஷமே காட்லியும் கிரீமும் தனியாகப் போய்விட்டார்கள். அவ்வளவு நெருங்கி நின்று ஃபேடர் தள்ளியவர்கள்! ஸ்டுடியோ 1990-களில் மூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் உன் அக்காவுக்குச் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, லூப் எப்படி ஓடியது என்று கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "பொண்டாட்டி ஒரு வார்த்தை கேட்டா, அதைச் சொல்லாம இருக்கறதுக்கு 624 பேரை வெச்சுக் கத்தினானா?" என்றாள். அப்புறம் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கச் சொன்னாள், முருங்கைக்காய் கட்ட வேண்டுமாம். நான் ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும், "பின்னால யாரோ பேசிக்கிட்டே இருக்காங்களே, யாரு?" என்றாள். மாப்பிள்ளை, நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இப்படி ஒரு காது இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கடைக்கு அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கலாம், நீயும் நானும் லாட்டரி டிக்கெட் விற்கப் போயிருக்கலாம்.

ஆகவே, உன் டெக்கைப் பற்றி, உன் மச்சானைப் பற்றி, உன் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் பற்றி அன்று சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். ஸ்குரூவைத் திருகியதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். அது உன் தப்புதான்.

வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். முதல் நாளே வந்துவிடுகிறேன், ராத்திரி உன் வீட்டில்தான். அந்த டெக் உன் பரணில் இருப்பதாகத் தங்கச்சி போன தடவை சொன்னாள். வெள்ளையடிக்கிறேன் என்று அதை எடைக்குப் போட்டுவிடாதே. பெல்ட் இற்றுப்போயிருக்கும், இங்கே ஒரு பழைய கடையில் இரண்டு பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். வாத்தியாருக்குத் தர மறுபடி ஏற்றிய கேசட் ஒன்று, அவர் வாங்காமல் போனது, பச்சை லேபிள், உன் கையெழுத்து, அதுவும் அங்கேதான் எங்காவது கிடக்கும். தேடி வை. பெருக்கித் தள்ளும் முன் டப்பாக்களை ஒரு தடவை திறந்து பார்.

தங்கச்சியிடம் சொல், எனக்கு ராத்திரி இரண்டு இட்லி போதும்.

உன்,
பழைய பார்ட்னர்

பி.கு.: ஸ்பிரிட் பாட்டில் நான் கொண்டு வருகிறேன். ஸ்குரூ டிரைவரை ஒளித்து வை.